மிதிக்க வேண்டிய ரொட்டி

இனி வரப்போகும் கொடுங்காலத்தைப் பற்றிய நாடகம் அது. எல்லைக் காவலன் வேஷம் நெக்ரூஸுக்கு. ஒத்திகை முழுக்க அட்டை ரொட்டியைத்தான் மிதித்துப் பழகியிருந்தான். இன்று குஜந்த் நகர மேடையில், பிழைப்புத் தேடி எல்லை தாண்டுகிறவனாக நடித்தவனிடமிருந்து பிடுங்கியது நிஜ ரொட்டி; சுடச்சுட இருந்தது. தரையில் எறிந்தான். மறுகணமே தன்னையறியாமல் குனிந்து எடுத்து, முத்தமிட்டு நெற்றியில் ஒற்றிக்கொண்டான்.

"கெடுத்தியே! கீழ போட்டு மிதிடா!" திரைமறைவில் இயக்குநர் மெஹ்ரான்கிஸ் பல்லைக் கடித்தாள்.

"இது நிஜ ரொட்டிக்கா, மிதிக்க முடியலக்கா" என்றான் நெக்ரூஸ்.

எல்லையிலிருந்து துரத்தப்பட்டு வந்த ஒருவர் முன்வரிசையில் எழுந்தார்.

"மிதி தம்பி. அங்க என் ரொட்டிய மிதிச்சானுங்கன்னு சொன்னா என் பொண்டாட்டியே நம்பமாட்டேங்கறா. இதோ, பக்கத்துலதான் இருக்கா. பாக்கட்டும்."