மணலில் துடுப்புப் போட்டவர்கள்

வேலூரில் ஒரு படகுக் கழகம் இருக்கிறது என்றால் எதிர்க்கரைக் காட்பாடிக்காரர்களே சிரிப்பார்கள். பாலாற்றில் மணலைப் பார்த்தவர்கள்தான் ஜாஸ்தி. ஆனாலும் கழகம் இருந்தது, இருபது வருஷமாக. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலையில் இருந்த நத்தானியேல், சென்னையில் படித்தபோது பிடித்த துடுப்பு ஆசை விடாமல், அங்கே யாரோ கழித்துப்போட்ட நாலு பேர் துடுப்புப் போடும் மரப்படகை லாரியில் கொண்டுவந்து தொடங்கியது. ஏரியில் விடலாமே என்றவர்களிடம், இது பாலாற்றுப் படகு, பாலாற்றில்தான் இறங்கும் என்று சொல்லிவிட்டார். ஆறு வந்த ஓரிரு தடவையும் வெள்ளமாக வந்து, வந்த வேகத்தில் மணலுக்குள் போய்விட்டது. மனுஷர் படகு மிதப்பதைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்தார்.

அவருக்குப் பிறகு கழகத்தைத் தாங்கியவள் கேத்தரின், ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்ததும் படகை ஆற்று மணலில் முட்டுக்கட்டைகள் மேல் ஏற்றி, நாலு பேரும் உட்கார்ந்து காற்றில் துடுப்புப் போடுவார்கள். அவளோடு தோல் கம்பெனி கெமிஸ்ட் சத்தார், டீச்சர் மேகலா, வங்கியில் வேலை பார்க்கும் வசந்த். துடுப்பு படகில் உராயும் இடத்துக்குச் சத்தார் வருஷா வருஷம் ஆம்பூர்த் தோலைப் புதிதாகத் தைத்துத் தருவார். பாலத்தில் போகும் பஸ்ஸிலிருந்து என்னென்னவோ கத்துவார்கள். இவர்களில் ஒருத்தர்கூடத் தாளம் தப்பியதில்லை. அந்த வைராக்கியம் எனக்கெல்லாம் ஏழு ஜென்மத்துக்கும் வராது.

வைராக்கியமும் ஒருநாள் அலுக்கும். ஆம்பூரில் பிரியாணிக் கடை வைத்திருக்கும் சர்தார் பாஷா, கடை வாசலில் அழகுக்கு நிறுத்தப் படகைக் கேட்டபோது வசந்தும் மேகலாவும் கொடுத்துவிடலாம் என்றார்கள். இந்த மழைக்கும் மிதக்கவில்லை என்றால் கொடுத்துவிடுவது என்று பேச்சாயிற்று. கேத்தரின் தலையாட்டினாள். அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

கார்த்திகையில் பாலாறு வந்தது. வெள்ளம் வடிந்து தண்ணீர் சாதுவாக ஓடத் தொடங்கியதும் படகை இறக்கினார்கள். பாலம் முழுக்கக் கூட்டம். ஏறி உட்கார்ந்ததுதான் தாமதம், பலகை இடுக்கெல்லாம் ஊற்றெடுத்துக் கணுக்கால்வரை தண்ணீர் ஏறிவிட்டது. தார்ப்பாய் போட்டு மூடி, ஒரு சொட்டு ஈரம் படாமல் பொத்திப் பொத்திக் காத்ததில் மரம் வற்றிச் சுருங்கியிருந்தது. பிள்ளையைத் தண்ணீரில் விடாமலே நீச்சல்காரனாக்கப் பார்த்த கதை. மேலே கைதட்டிச் சிரித்தார்கள். வசந்த் தலையைத் தூக்கவில்லை.

கேத்தரின் அந்த இடுக்குகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அப்பா ராணிப்பேட்டைத் தொழிற்சாலையில் தோல் ஊறப்போடும் தொட்டிகளைக் கவனித்தவர். அப்பளமாக விறைத்த தோல் அங்கே ஊறி உப்புவதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறாள்.

"இத முங்க வச்சிடலாம்," என்றாள்.

"இன்னா சிஸ்டர், மிதக்க வெக்கத்தானே வந்தோம்?" என்றான் வசந்த்.

"காஞ்ச தோல ஊறப்போடாம யாராச்சும் வேலை ஆரம்பிப்பாங்களா? மரமும் ஊறட்டும். நீங்க சொல்லுங்க பாய்."

சத்தார் யோசித்தார். "ஊறும் சிஸ்டர். அதுவரைக்கும் ஆறு நிக்கணுமே."

மணல் மூட்டைகளை அடுக்கி, கரையோரம் படகைத் தாங்களே மூழ்கடித்தார்கள். ஊர் இதற்கும் சிரித்தது. டியூட்டிக்குப் போகும்போதும் வரும்போதும் கேத்தரின் பாலத்தில் நின்று பார்ப்பாள். தண்ணீர் தினமும் கம்மியாகிக்கொண்டே வந்தது.

ஞாயிற்றுக்கிழமை சர்தார் பாஷா படகை ஏற்றிப்போக வண்டியோடு வந்து கரையில் நின்றார். மூட்டைகளை எடுத்து, தண்ணீரை இறைத்து, நாலு பேரும் ஏறினார்கள். கேத்தரின் காலடியைப் பார்த்தாள். ஈரம் கசியவில்லை.

முதல் இழுப்பில் துடுப்பு கனத்தது. இத்தனை வருஷம் காற்றை இழுத்த கைக்கு, தண்ணீர் திருப்பி இழுப்பது புதிது. அவளுக்கு அழுகை பொங்கியது; தாளத்தை விடவில்லை. நாலு துடுப்பும் ஒன்றாக இறங்கின, ஒன்றாக எழுந்தன. பாலத்தில் நின்றவர்கள் எக்கி எக்கிப் பார்த்தார்கள். அப்படியொரு அழகை அந்த ஆறு பார்த்திருக்காது.

பாலம் தாண்டியதும் மேகலா கேட்டாள், "சிஸ்டர், எப்டித் திருப்புறது?"

மணலில் நின்ற படகைத் திருப்பும் தேவை யாருக்கும் வந்ததில்லை. நத்தானியேலும் சொல்லித் தரவில்லை. கேத்தரின் அழுதுகொண்டே சிரித்தாள்.

"திருப்பவேணாம். ஆறு போற வரைக்கும் போலாம்."

போனார்கள். ஒரு மணல் திட்டில் படகு மெல்ல ஏறி நின்றது. இறங்கித் தோளில் தூக்கினார்கள். சிரித்தவர்களெல்லாம் பாலத்திலிருந்து இறங்கி ஓடிவந்து தோள் கொடுத்தார்கள். பின்முனையைப் பிடித்திருந்தவர் சர்தார் பாஷா. கால்சட்டை முழங்கால்வரை நனைந்திருந்தது.

"வண்டியில ஏத்தணுமா பாய்?" என்றாள் கேத்தரின்.

"வண்டி திரும்பிப் போச்சும்மா," என்றார் அவர். "அடுத்த ஞாயித்துக்கிழம மணல்ல எத்தினி மணிக்கு ஒக்காருவீங்க?"