எல்லா மெஷினிலும் வாலு

கீழே வண்டியில் கணவனும் மகளும் மூட்டை முடிச்சோடு காத்திருந்தார்கள். கணவன் ஓர் ஊர், தான் ஓர் ஊர் என்று கிடந்தவளுக்கு இன்று வேலையில் கடைசி நாள். மாலை ரயிலைப் பிடித்தால் இனி ஒரே வீடு. கேக்கும் வெட்டியாயிற்று. கேக் வாயோடு மேலாளர், "அடுத்த மாசம் எனக்கு ரிட்டயர்மென்ட்" என்று, கூடப் போய் இருக்கப்போகும் பேரனின் படத்தை எல்லோருக்கும் காட்டினார். அப்போதுதான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் கம்ப்யூட்டர்கள் அத்தனையும் படுத்துக்கொண்டன.

"சரி பண்ணிட்டுப் போம்மா" என்றார் மேலாளர்.

காரணத்தைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டாள். எழுதிய புரோகிராமை மெஷினுக்குப் புரியும்படி மாற்றித் தருவது கம்பைலர்; பாதுகாப்புக்காக அந்த மெஷின்கள் எதிலும் அது கிடையாது. தனியாக ஒரு மெஷினில் மென்பொருளைக் கம்பைல் செய்து, மற்ற எல்லாவற்றுக்கும் அனுப்புவது அவள் வேலை. சேர்ந்த புதிதில், அவசரத்தில், தன் சொந்த ஃபோல்டரின் பெயரைக் கொடுத்தே கம்பைல் செய்துவிட்டாள். ஃபோல்டரின் பெயர் வாலு. வீட்டில் அவளைக் கூப்பிடுவது அப்படித்தான். அன்றிலிருந்து ஒவ்வொரு மெஷினும் தனக்கு வேண்டியதை வாலுவிடம்தான் போய்த் தேடுகிறது. இன்று மதியம் அவள் அக்கவுண்டை மூடினார்கள். அக்கவுண்டோடு வாலுவும் போய்விட்டது.

வேறு ஃபோல்டரைச் சொல்லி மறுபடி கம்பைல் செய்தால் தீர்ந்தது. ஆனால் கம்பைலர் மெஷின் புகைந்து செத்து மாசக்கணக்காகிறது. புதிது கேட்டபோதெல்லாம் "பார்க்கலாம்மா" என்றவர் இதே மகராசன்தான்.

"ஃபோல்டரை மட்டும் திரும்ப வெச்சிடுறேன் சார்."

"ஆள் இல்லாத ஃபோல்டரைத்தான் ராத்திரியோட ராத்திரியா அழிச்சிடுதே ஒரு புரோகிராம்."

அந்தப் புரோகிராமை எழுதியவளும் அவள்தான். அதற்குப் பாராட்டு வேறு வாங்கியிருந்தாள். அதை நிறுத்துவதென்றால் தலைமை அலுவலகம் கூடிப் பேச வேண்டும்.

"புது மெஷின் வர்ற வரைக்கும் வேலையில இரும்மா, தினமும் வந்து உட்கார்ந்துட்டுப் போ. சும்மா பேருக்கு. இதுல என்ன குடி முழுகிப் போச்சு?"

போன் அடித்தது. "வர்றியா இல்லியாம்மா?" என்றாள் மகள். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை கதவையும் தன் கையாலேயே சாத்திக்கொண்டோமே என்று அவளுக்கு ஆத்திரமாக இருந்தது. மேலாளர் இன்னொரு துண்டு கேக்கை எடுத்துக்கொண்டார்.

அதைப் பார்த்ததும் அழுகை நின்றுவிட்டது.

"பேருக்குத்தானே சார்? அப்ப ஃபோல்டரை உங்க பேருக்கே மாத்திடட்டுமா?"

"அவ்வளவுதானா? தாராளமா மாத்து!"

ஃபோல்டரைத் திரும்ப வைத்து, பெயரை மாற்றினாள். ஃபோல்டர் அதே வாலுதான், சொந்தக்காரர் மட்டும் மேலாளர். மெஷின்கள் ஒவ்வொன்றாக எழுந்து உட்கார்ந்தன. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசல் வரை போனாள். சொல்லாமல் போக மனசு கேட்கவில்லை.

"சார், உங்க அக்கவுண்டை மூடுற அன்னைக்கு எல்லாம் மறுபடி படுத்துடும். அப்ப உங்களையும் இருக்கச் சொல்லுவாங்க. சும்மா பேருக்கு."

மேலாளர் முகத்தில் ஈயாடவில்லை. பேரன் படத்தை ஒரு தரம் பார்த்தார். கேக்கைக் கீழே வைத்துவிட்டுப் போனை எடுத்தவர், எதிர்முனையில் ஆள் ஹலோ சொல்வதற்குள் கத்த ஆரம்பித்தார்.

"அந்தக் கம்பைலர் மெஷின் எனக்கு இன்னைக்கே வேணும்யா!"

கீழே ஹாரன் அலறியது. வாலு படியிறங்கி ஓடினாள்.