நீதிமன்றத்தில் சேர

பெரியவனை நேர்முகத் தேர்வுக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தபோது அவள் தையற்கடையில் சட்டைகளுக்குப் பொத்தான் வைத்துக்கொண்டிருந்தாள். சின்னவள் உறையைப் பிரித்துக் கையில் பிடித்தபடி கடைக்கே வந்துவிட்டாள்.

“அம்மா, அண்ணனை இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருக்காங்க.”

“எந்த அண்ணனை?”

“எனக்கு எத்தனை அண்ணன் இருக்கு?”

நீதிமன்றத்தில் சேர விண்ணப்பித்தவர் அசல் சான்றிதழ்களோடு நேரில் வரவேண்டும், வரத் தவறினால் அவருக்கு விருப்பமில்லை என்று கொள்ளப்படும் என்று எழுதியிருந்தது. கத்தரியைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்த்த கடைக்காரர், விஷயம் புரிந்ததும் மறுபடி கத்தரியை எடுத்துக்கொண்டார். அவருக்கும் தெரியும். அந்தத் தெருவுக்கே தெரியும்.

சண்டையின் கடைசி நாட்களில், ஊர்ச்சனத்தை எல்லாம் பள்ளிக்கூட மைதானத்தில் உட்காரவைத்து, வயசுப் பையன்களை மட்டும் பட்டாளத்து வண்டியில் ஏற்றினார்கள். விசாரித்துவிட்டு அனுப்பிவிடுவோம் என்றார் ஏற்றிய அதிகாரி. கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தபடி நின்றாள் அவள். பெரியவன் திரும்பி வரவில்லை. அதிகாரி பதவி உயர்ந்து, தலை நரைத்து, இப்போது தொலைக்காட்சிச் செய்திகளில் மரக்கன்று நட்டுக்கொண்டிருக்கிறார். உள்ளூர்க் கோர்ட்டு ஆதாரம் போதாது என்று கைவிரித்துவிட்டது.

பிறகுதான் வக்கீலம்மா வந்தாள். போர்க்குற்றங்களை விசாரிக்கவென்றே உலகத்துக்குப் பொதுவாக ஒரு கோர்ட்டு இருக்கிறது என்று அவள் சொன்னபோது, பையன்களைத் தொலைத்த வீட்டுக்காரர்கள் எல்லாரும் வாய் பார்த்துக்கொண்டிருந்தார்கள். “ஆனா நம்ம அரசாங்கம் அதுல சேரலை. சேரணும். சேரும்போதே பழைய வருஷங்களையும் விசாரிக்கலாம்னு எழுதிக் குடுக்கணும். அப்பத்தான் நம்ம கேஸுக்கு வழி. அதனால அவங்கவங்க ஊர் மந்திரிகிட்ட மனுக் குடுங்க. கேட்டா ஒரே வார்த்தை சொல்லுங்க. சேரணும். அவ்வளவுதான்.” எல்லாரிலும் அவளைத்தான் வக்கீலம்மா தனியாக அழைத்துப் பேசினாள். மற்றவர்கள் வண்டியைப் பார்த்தவர்கள்; அதிகாரியின் முகத்தைப் பார்த்தவள் அவள் ஒருத்திதான்.

மந்திரி ஆபீசில் குறை கேட்கும் நாள் சந்தைக்கடை மாதிரி இருந்தது. மந்திரி உள்ளே இருந்தார். வெளியே அவருடைய உதவியாளர் மனுவைப் பிரித்துப் படிக்காமல், வந்தவர் வாயைக் கேட்டு மேலே ஒரு வரி எழுதி அடுக்கிக்கொண்டிருந்தார். பள்ளியில் சேர. விடுதியில் சேர. ஆஸ்பத்திரியில் சேர. அவளுடைய முறை வந்தது.

“கோர்ட்டுல சேரணுங்கய்யா.”

“யாருக்கும்மா?”

“பையன் விஷயமா. அரசாங்கம்...”

“அரசாங்க வேலைதாம்மா, புரியுது. பையனுக்கு என்ன வயசு?”

“இருபத்திரண்டு” என்றாள். வண்டியில் ஏறியபோது அதுதான் அவன் வயது. அதற்குப் பிறகு அவனுக்கு வயதைக் கூட்டிப் பார்க்க அவளுக்கு மனம் வந்ததில்லை.

“என்ன படிச்சிருக்கான்?”

“பன்னிரண்டாவது. கையெழுத்து நல்லாயிருக்குங்க.”

“ஒழுங்கான பையனா? கெட்ட சகவாசம் ஏதாவது?”

“தங்கமான பிள்ளைங்கய்யா.” சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் ஓர் அதிகாரி பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு அவனைப் பற்றிக் கேட்பது அதுதான் முதல் தடவை. விசாரணை தொடங்கிவிட்டது என்று நினைத்துவிட்டாள். வெளியே வந்ததும் வக்கீலம்மாவுக்குப் போன் போட்டு, “நல்ல மனுஷன், நல்லா விசாரிச்சார்” என்றுகூடச் சொன்னாள்.

கடிதத்தோடு சின்னவளையும் கூட்டிக்கொண்டு போனாள். உதவியாளர் இந்த முறை மனுவை முழுக்கப் படித்தார். படிக்கப் படிக்கக் காது சிவந்தது.

“இதை முதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா.”

“சொன்னேன். சேரணும்னு சொன்னேன்.”

“அரசாங்கம் சேரணும்னு சொல்லணும்.”

“அரசாங்கம்னு வாயைத் திறந்தேன். நீங்க வேலையைக் குடுத்துட்டீங்க.”

அவர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார். பையன் பெயரில் மந்திரியின் சிபாரிசுக் கையெழுத்தே விழுந்துவிட்டிருந்தது. காணாமல்போனவனுக்கா வேலை என்று பத்திரிகைக்காரன் வந்தால் மானம் கப்பலேறும். கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தவர் சின்னவளைப் பார்த்தார்.

“பாப்பா என்ன படிச்சிருக்கு?”

அதே குரல். அதே கனிவு. இந்த முறை அவள் சின்னவளின் கையை எட்டிப் பிடித்துக்கொண்டாள்.

“டிகிரி முடிச்சிருக்கேன் சார்” என்றாள் சின்னவள், நாற்காலி நுனிக்கு நகர்ந்து.

“நம்ம ஊர்க் கோர்ட்டுல பேர் கூப்பிடற வேலை காலியா இருக்கு. அண்ணன் பேருக்குப் பதிலா தங்கச்சி பேரைப் போட்டுடலாம். ஒண்ணே ஒண்ணும்மா. அரசாங்கச் சம்பளம் வாங்கற வீட்டுல இருந்துக்கிட்டு, அரசாங்கத்து மேலயே மனு, சாட்சின்னு நீங்க உக்காந்தா நல்லாயிருக்காது. மேல கேப்பாங்க.”

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் சின்னவள் கேட்டாள்.

“நான் போகட்டுமா?”

“போ.”

“போன்னு இப்படி வெடுக்குனு சொன்னா?”

“பின்னே, பாட்டாப் பாடுவேன்?”

“அந்தக் கோர்ட்டுல இவங்க என்னைக்கும்மா சேரப் போறாங்க? நீ செத்து, நானும் செத்தப்புறமா?” சின்னவள் சுவரைப் பார்த்துப் பேசினாள். “இந்த வீட்டுல இல்லாதவன் சாப்பிட்டிருப்பானாங்கறதுதான் பேச்சு. இருக்கிறவ சாப்பிட்டாளான்னு ஒருநாளாவது கேட்டியா?”

அவளுக்குப் பதில் இருந்தது. இரண்டு மூன்று பதில்கள் இருந்தன. எதைச் சொன்னாலும் இருக்கிறவளை இன்னொரு முறை இல்லாமல் ஆக்குவதாக இருக்கும் என்று தோன்றியது. உள்ளே போய்ச் சோறு போட்டுக்கொண்டு வந்து மகள் முன்னால் வைத்தாள். அவள் அதைத் தொடவில்லை.

அடுத்த மனுவில் அவளுடைய கையெழுத்து இல்லை. வக்கீலம்மா வீடு தேடி வந்தாள். கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தால் தேவலை. “அந்த ஆள் முகத்தைப் பார்த்தது நீங்க ஒருத்தர்தான்” என்றாள். வாசல்வரை போய்த் திரும்பி, “அரசாங்கம் சேரலை. உங்க வீட்டைச் சேர்த்துட்டாங்க. சாமர்த்தியந்தான்” என்றாள். சொல்லிவிட்டு அவளே வருத்தப்பட்டவள்போலச் செருப்பைத் தேடுவதாகக் குனிந்துகொண்டாள்.

வேலையில் சேர்ந்த வாரம் சின்னவளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. கோர்ட்டு வராந்தாவுக்கு வந்து ஒவ்வொரு பெயரையும் மூன்று தரம் கூப்பிடவேண்டும். மூன்றாவது தரத்துக்கும் ஆள் வராவிட்டால் ஆஜரில்லை என்று உள்ளே போய்ச் சொல்லவேண்டும். அத்தோடு அன்றைக்கு அந்தப் பெயரின் கதை முடிந்தது. குரல் எடுபடவில்லை என்று மூத்த ஊழியர் ஒருவர் கிண்டல் செய்தாராம். சாயங்காலம் வீட்டு வாசலில் நின்று, பக்கத்து வீட்டுக்காரர் பெயர், பஸ் கண்டக்டர் பெயர் என்று வாய்க்கு வந்ததைக் கூப்பிட்டுப் பழகிக்கொண்டிருந்தாள். தெருவில் ஒன்றிரண்டு பேர் சிரித்துக்கொண்டே கையை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனார்கள்.

உள்ளே துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தவள், தலையைத் தூக்காமலே சொன்னாள்.

“அவன் பேரையும் கூப்பிடு.”

சின்னவள் திரும்பிப் பார்த்தாள். அம்மா மடித்த துணியையே மறுபடி உதறி மடித்துக்கொண்டிருந்தாள். சின்னவள் தொண்டையைச் செருமிக்கொண்டு, முதுகை நிமிர்த்தி, அப்பா பெயரோடு சேர்த்து அண்ணனின் முழுப்பெயரைக் கூப்பிட்டாள். குரல் தெருமுனைவரை போயிற்று. எதிர்வீட்டில் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டு எழுந்து நின்றார். யாரும் சிரிக்கவில்லை.

இரண்டாவது தரம் கூப்பிட்டாள்.

அம்மா வாசலுக்கு வந்து, தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தாள். மூன்றாவது தரத்துக்கு மூச்சை இழுத்த சின்னவள், அதை வெளியே விடாமல், கதவுநிலையைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள்.