என்ரை பங்குக் குளிசை

இப்பத்தைச் சனத்துக்கு ஆளின்ரை முகத்தைப் பார்த்துக் கதைக்கத் தெரியாது. வார்டுக்கு வந்த டொக்டர் பிள்ளையும் அப்படித்தான். கையிலிருந்த கடதாசியைப் பார்த்தபடியே கேட்டாள்.

"கொப்புளிப்பானுக்குப் பனடோலைத் தவிர வேறை ஏதும் குடுத்தனீங்களோ?"

என்ரை மகள் கஜானியைத்தான் கேட்டாள். பக்கத்தில் நின்ற என்னைக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

கட்டிலில் கிடந்தது கஜானியின் மகள் மதுரா. ஏழு வயது. அம்மைக் கொப்புளமெல்லாம் பொருக்காகி, வெள்ளிக்கிழமை வேப்பிலை போட்டுத் தலைக்குத் தண்ணீரும் வார்த்தாயிற்று. சனிக்கிழமை விடியச் சத்தி எடுக்கத் தொடங்கினாள். பின்னேரம் தாயின் கையைக் கடித்தாள். என்னைப் பார்த்து "ஆர் நீ?" என்றாள். வல்வெட்டித்துறையிலிருந்து யாழ்ப்பாணம் வந்து சேரும்போது அந்தப் பேச்சும் நின்றுவிட்டது. மூளை வீங்கியிருக்காம், ஈரலும் பழுதாம். வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு எங்கேயோ ஒரு பிள்ளைக்கு வருகிற வருத்தமாம்.

பார்க்க வந்த என்ரை தங்கைச்சி மகாதேவிக்கு டொக்டர்மாரே தேவைப்படவில்லை. "ஒரு நாள் முந்தித் தண்ணி வாத்திட்டாயடி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அதிலிருந்து கஜானி விறாந்தையில் குந்தியிருந்து, "நான்தான் அப்பா, நான்தான் அவசரப்பட்டனான்" என்று சுவரில் தலையை மோதிக்கொண்டிருந்தாள். நான் வாங்கி வைத்த தேத்தண்ணி பக்கத்தில் ஆறிப் போய்க் கிடந்தது.

பனடோலில் எனக்கு நம்பிக்கையில்லை, வெறும் தண்ணி மாதிரி. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்த என்னை எழுப்பினது கிளினிக்கில் தருகிற அஸ்பிரின். மாதத்துக்கு எண்ணித்தான் தருவார்கள். பிள்ளை காய்ச்சலில் அனுங்கினபோது, ஐந்து நாள் என்ரை பங்கைத் தேனில் கரைத்து அவளுக்குக் கொடுத்தேன். நான் போடவில்லை.

மகளின் தலை இன்னொரு தரம் சுவரில் பட்டது. எழும்பிப் போய்க் குளிசை உறையை டொக்டரின் மேசையில் வைத்தேன்.

"பிள்ளை, இதைத்தான் குடுத்தனான். அஞ்சு. கடைசியாக் குடுத்தது வியாழக்கிழமை."

அப்போதுதான் அவள் என்ரை முகத்தைப் பார்த்தாள்.

"உதாலைதான் எண்டு அடிச்சுச் சொல்லேலாது, ஐயா. ஆனால் உதைக் காய்ச்சல் பிள்ளையளுக்குக் குடுக்கக்கூடாது, இப்பிடி வரலாம். இப்ப சொன்னது நல்லது. தண்ணி வாத்ததுக்கும் இதுக்கும் ஒரு தொடர்புமில்லை."

"எட்டு வருசமாத் தின்னுறன். எனக்கொண்டும் செய்யேல்லையே?"

"நீங்கள் சின்னப்பிள்ளையே, ஐயா?"

"தப்புவாளோ?"

"பாப்பம்." உறையை என்ரை பக்கம் தள்ளினாள். "அப்ப அஞ்சு நாள் நீங்கள் போடேல்லையோ? இப்பவே ஒண்டு போடுங்கோ."

திரும்பினேன். கதவடியில் கஜானி நின்றாள். எல்லாம் கேட்டிருக்கிறாள். போய் இருந்து, அந்த ஆறின தேத்தண்ணியை எடுத்து ஒரே மூச்சில் குடித்தாள். என்ரை முகத்தைப் பார்க்கவில்லை.

"நீங்கள் வீட்டை போங்கோ, அப்பா."

ஆஸ்பத்திரி வாசலில் தண்ணீர்க் குழாய் இருந்தது. திறந்துவிட்டு ஒரு குளிசையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். மதுராவின் சின்னிவிரல் நகத்தளவும் வராது. இதுவோ? இந்தத் துண்டோ? குழாயைப் பூட்டினேன். குளிசையைத் திரும்ப உறைக்குள் போட்டுக்கொண்டு பஸ் நிற்கிற பக்கம் நடந்தேன்.