பிளக் செருகாத கீபோர்டு

2001-ஆம் ஆண்டு மழைக்காலத்தில், செகந்திராபாத் மேற்கு மாரெட்பள்ளியில் வைத்தியநாதன் வீட்டுக் கூடத்தில், பிளக் செருகாத கீபோர்டு ஒன்று அவர் மகள் சுபாஸ்ரீயின் மனதை வாசிக்கத் தொடங்கியது. அந்த வாரம் மோண்டா மார்க்கெட்டில் வெங்காயம் கிலோ ஒன்பது ரூபாய். கீபோர்டு வாசித்ததில் பெரிய மர்மம் ஒன்றுமில்லை. சுபாஸ்ரீ நாச்சாரத்தில் பாலசுப்ரமணியன் என்பவரின் சிறிய கம்பெனியில் எலெக்ட்ரானிக்ஸ் இன்ஜினீயர். நெற்றியிலும் முன்கையிலும் கம்பி ஒட்டி, மூளையும் தசையும் தரும் மின்துடிப்பைக் கொண்டு கைபடாமல் வாத்தியத்தை வாசிக்க வைப்பது அவர்கள் வேலை. எல்லோருக்கும் ஒட்டிப் பார்த்ததில் அவள் நெற்றிதான் தெளிவாகப் பேசியது. அமெரிக்காக்காரர்கள் ஆர்டரை நிறுத்தியதும் ஷெட்டைப் பூட்டினார்கள். கம்பிகளைக் கழற்றிய பிறகும் கீபோர்டு அவளை விடவில்லை. வேறு யார் விரலுக்கும் மசியவும் இல்லை. ஆகவே பாலசுப்ரமணியன் அதை ஆட்டோவில் ஏற்றி அவளோடே அனுப்பிவிட்டார்.

அதன் குணம் சுபாஸ்ரீக்கு மட்டும் தெரியும். அவள் நிம்மதியாக இருந்தால் அது பேசாது. அவளுக்கு மூச்சு முட்டினால், அவள் எத்தனை தூரத்தில் இருந்தாலும் கூடத்தில் இருந்து வாசிக்கும். திருப்பதி க்யூவில் அவள் அடைபட்டு நின்ற நாளில், பூட்டிய வீட்டிலிருந்து மதியம் முழுக்கக் கல்யாணி கேட்டதாகப் பக்கத்து வீட்டார் சொன்னார்கள். எவ்வளவு முட்டுகிறதோ அவ்வளவு இனிமை. அம்மா கனகத்திடம் இதைச் சொன்னாள். கனகம் நம்பவில்லை. "இவ்ளோ அழகா இருக்கிறது கஷ்டத்துல வருமா, பைத்தியமே!" வைத்தியநாதன் காஞ்சன்பாக்கில் பாதுகாப்பு ஆய்வுக்கூடத்து ஆள், யாரிடமும் எதையும் கேட்காமலிருப்பது அவருக்கு உத்தியோகப் பழக்கம்.

2003 தை மாதம் ஈரோட்டிலிருந்து அன்னம்மாள் தன் மகன் கிருஷ்ணகுமாருக்குப் பெண் பார்க்க வந்தாள். பையனுக்கு மாதாப்பூரில் சாஃப்ட்வேர் வேலை. கேசரியைத் தின்று முடித்து, "புள்ளைக்குப் பாட்டுக்கீட்டு வருங்களா?" என்று கேட்டாள். காபித் தட்டோடு நின்ற சுபாஸ்ரீ வாயைத் திறக்குமுன் மூலையிலிருந்த கீபோர்டு தொடங்கிவிட்டது. "கையே வெக்காம வாசிக்குதுங்களே! ஐதராபாத்துல எல்லாம் கம்ப்யூட்டர்தானுங்களா?" என்று அன்னம்மாள் அசந்துபோனாள். சுபாஸ்ரீ வேண்டாம் என்று வாய்விட்டே சொன்னாள். வாத்தியம் அப்போது மேல் ஸ்தாயியில் இருந்ததால் ஒருவர் காதிலும் விழவில்லை. அடுப்படியில் அம்மாவைப் பிடித்து, "எனக்கு நக்கோம்மா, வேண்டாம்" என்றாள். "கைக்கு நக்கோ, ஏன் வேண்டாம்? இஷ்டமில்லாமலா இப்படி வாசிக்குது? அழாதே, மை கரையுது." தாலி கட்டும்போது, மண்டபத்துக்குக் கொண்டுபோயிருந்த கீபோர்டின் வாசிப்பை நாதஸ்வரக்காரர் தன் குழலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

மியாப்பூரில் நான்காம் மாடி ஃப்ளாட்டுக்குச் சீரோடு கீபோர்டும் போனது. அன்னம்மாள் கவனமான பெண்மணி. மருமகள் வேறொரு கம்பெனிக்கு வேலைக்குப் போன மாதங்களில் வாத்தியம் ஊமையாகக் கிடந்ததையும், அம்மா வீட்டுக்குப் போக வேண்டாம் என்று தான் தடுத்த ஞாயிற்றுக்கிழமை அது சாயங்காலம்வரை வாசித்ததையும் பார்த்து விஷயத்தைப் புரிந்துகொண்டாள். வேலை நின்றது. விருந்தாளி வரும் நாட்களில் மாரெட்பள்ளிப் பயணமும் நின்றது. யாரும் கெட்டவர்கள் இல்லை. கிருஷ்ணகுமார் அவளுக்குத் தலைவலித் தைலம் தேய்த்துவிடுகிறவன். "எங்க மேனேஜர் வர்றாருடி, இன்னைக்கு மட்டும் போவாத" என்று கெஞ்சித்தான் கேட்பான். வந்தவர்கள் கண் கலங்கிப் போனார்கள். வெளியே மேம்பாலங்கள் எழும்பின, தண்ணீர் லாரிக்கு வரிசை நீண்டது, ஃப்ளாட் விலை மூன்று மடங்கானது. அவள் வாசித்துக்கொண்டிருந்தாள்.

2009-இல் பாலசுப்ரமணியன் போன் செய்தார். நாச்சாரத்தில் மறுபடி ஷெட் திறந்து இ.சி.ஜி. மெஷின் செய்கிறாராம். "உங்க ஸ்டூல் காலியாத்தான் கிடக்குதும்மா" என்றார். போய்விடலாம் என்று அவள் நினைத்த மாத்திரத்தில் கீபோர்டு பாதி ஸ்வரத்தில் நின்றது. அன்னம்மாள் கரண்டியோடு ஓடிவந்தாள். "என்ன கண்ணு, சத்தத்தையே காணோம்? எங்க கிளம்பற?" வாசல் கதவுச் சாவி மாமியாரின் இடுப்புக்குப் போனது. அதற்குப் பிறகு மனதில் துளி ஆசை துளிர்த்தாலும் வீடு அமைதியாகிக் காட்டிக்கொடுத்தது. தன் தலைக்குள்கூட சுபாஸ்ரீயால் ஒளிய முடியவில்லை. ஆகவே ஆசைப்படுவதை விட்டாள்.

கிருஷ்ணகுமாரின் பிரமோஷன் விருந்து ஒரு சனிக்கிழமை மதியம் நடந்தது. ஆட்கள் வந்துபோக வாசல் திறந்தே கிடந்தது. அவளுக்குக் குலை நடுங்கியது. அந்த நடுக்கத்தோடு, செருப்பைக் கையில் பிடித்து, எல்லோருக்கும் நடுவே நடந்து படியிறங்கினாள். போய்ச் சேர்ந்துவிடுவோம் என்று ஒரு கணம் நம்பியிருந்தாலும் மாட்டியிருப்பாள். நம்பவில்லை. பஸ்ஸில் அமீர்பேட்டை தாண்டியும் பின்னால் யாரோ பிடிக்க வருவதாகவே உட்கார்ந்திருந்தாள். செகந்திராபாத்தில் இறங்கினால் அம்மா வீடு, இறங்கவில்லை. அத்தனை நேரமும் மியாப்பூரில் கீபோர்டு அதுவரை வாசிக்காததையெல்லாம் வாசித்தது. பிரியாணி ஆறியது. வாத்தியத்தை விட்டு யாரும் கண்ணை எடுக்கவில்லை.

நாச்சாரத்தில் அவள் ஸ்டூலில் உட்கார்ந்து சால்டரிங் அயர்னைக் கையில் எடுத்தபோது மியாப்பூரில் கீபோர்டு நின்றது. எல்லோரும் கைதட்டினார்கள். கைதட்டல் ஓய்ந்த பிறகுதான் அன்னம்மாள் அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

கிருஷ்ணகுமார் மாரெட்பள்ளிக்குப் போய் விசாரித்தான். வைத்தியநாதன் மகளை எதுவும் கேட்டிருக்கவில்லை, ஆகவே சொல்லவும் ஒன்றுமில்லை. கீபோர்டு இன்றும் மியாப்பூர் கூடத்தில் குரோஷா துணி போர்த்திக் கிடக்கிறது. எப்போதாவது ஒற்றை ஸ்வரம் கேட்டால், அன்னம்மாள் பச்சைப் பட்டாணி உரிப்பதை நிறுத்தித் தலை தூக்குவாள். அது அடங்கியதும் மூச்சு விடுவாள். மருமகளைப் பற்றி ஈரோட்டுச் சொந்தங்கள் கேட்டால் ஒரே பதில்தான்.

"சத்தம் இல்லீங்க. புள்ள நல்லாருக்குது."