சவுரிக்கு வந்த ரிப்போர்ட்

மதுரை பழங்காநத்தத்தில் ரவிக்கை தைக்கும் பாண்டிமீனாவுக்கு ஒரு குணம் உண்டு. அளவு ரவிக்கையை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு தைக்கிறவர்களைக் கண்டால் அவளுக்கு ஆகாது. ஆளை எதிரே நிறுத்தி, கையைத் தூக்கச் சொல்லி, மூச்சு இழுத்து விடச் சொல்லிப் பார்த்த பிறகுதான் துணியில் கத்திரி வைப்பாள். அப்படிப்பட்டவள் பெற்ற பிள்ளையைத்தான் ஆளைப் பார்க்காமலே அளந்து அனுப்பினார்கள். அந்தக் கூத்தைச் சொல்கிறேன், கேளுங்கள் கண்ணுகளா.

மகள் இசைவாணிக்கு எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. பலகையில் இருக்கிற வரியில் பாதியை எழுதுவாள். மீதிப் பாதிக்குள் எங்கோ ஒரு அணில் கத்திவிடும். செருப்பில் ஒற்றையைப் பள்ளியிலேயே விட்டுவிட்டு, அது தெரியாமலே வீடு வந்து சேர்ந்த நாளும் உண்டு. பள்ளியின் தலைமையாசிரியை நாகலக்ஷ்மி, மூன்றாம் வகுப்புக்குக் கணக்கும் எடுப்பவர், மீனாவையும் புருஷன் சிவபாண்டியையும் கூப்பிட்டனுப்பினார்.

"உங்க பொண்ணுக்கு அட்டென்ஷன் ப்ராப்ளம். திங்கக்கிழமைக்குள்ள மூளை ரிப்போர்ட் ஒண்ணு கொண்டு வாங்க. இல்லைன்னா மறுபடி ரெண்டாங் கிளாஸ்லதான் உக்கார வைக்கணும்."

சொல்லிவிட்டு ஒரு விசிட்டிங் கார்டை நீட்டினார். மேசை டிராயருக்குள் அதே கார்டு கட்டாகக் கிடந்தது மீனாவின் கண்ணில் பட்டது.

வீட்டில் இசைவாணி ஒன்றுதான் கேட்டாள். "ரெண்டாங் கிளாஸ் பெஞ்சு சின்னதும்மா. எனக்குக் காலு இடிக்குமே?"

மீனா கார்டை எடுத்து விலாசம் பார்த்தாள். மூளைப் பரிசோதனை மையம் என்று போட்டிருந்தது.

அந்த மூளை மையம் ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டு பக்கம், ஒரு பரோட்டா கடைக்கு மேலே இருந்தது. வாசலில் ஆளுயர ஃபிளெக்ஸ். அதில் மூளைக்குப் பச்சை, சிவப்பு, நீலம் என்று திருவிழா சீரியல் லைட் போட்டிருந்தார்கள். 'ஒரு கொத்து முடி போதும்! உங்கள் குழந்தையின் டோபமின் அளவை அறியுங்கள்!' உரிமையாளர் நல்லகாமன் நேற்றுவரை குடிநீர் சுத்திகரிக்கும் மெஷின் விற்றவர். தண்ணீரில் வருமானம் வற்றியதும் மூளையைச் சுத்திகரிக்க வந்துவிட்டார். வெள்ளைக் கோட்டு ஒன்று வாங்குவதற்கு ஊரில் யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்?

கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார். "பிடரி முடி, ரெண்டு வெரல் நீளம்."

சிவபாண்டி மகளின் தொப்பியைக் கழற்றினான். வழவழவென்று மொட்டை. போன வாரம்தான் உசிலம்பட்டிப் பக்கம் குலசாமிக்கு மூன்றாவது மொட்டை எடுத்திருந்தார்கள்.

"அப்ப மூணு மாசம் கழிச்சு வா மாப்ள."

"அய்யய்யோ, திங்கக்கிழமை கெடுண்ணே."

"முடியில்லாம நான் என்னத்த பாக்குறது? வேணும்னா பிள்ளைய உரிச்சா பாக்க முடியும்?" என்று தன் பேச்சுக்குத் தானே சிரித்துக்கொண்டார். பிள்ளை எதிரே நின்றாள். நாற்காலிச் சக்கரத்தைக் காலால் உருட்டினாள், பேனா மூடியைத் திறந்தாள், மூடினாள், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மூளை நிபுணர் இதில் ஒன்றையும் பார்க்கவில்லை. அவருக்கு முடி வேண்டும், அம்புட்டுதான்.

வியாழக்கிழமை சிவபாண்டி ஒரு கலர் ரிப்போர்ட்டோடு வீட்டுக்குள் வந்தான். முகம் முழுக்கப் பல்.

"பாத்தியா புள்ள! டோபமின் முப்பத்தெட்டு சதவீதம்தானாம். கடுமையான குறைபாடாம். ஆறு மாசம் பவுடரு, இருவது தடவை தலையில மெஷினு. ஸ்கூலுக்கு வாட்ஸப்புல அனுப்பிட்டேன். டீச்சரு கட்டைவெரலத் தூக்கிக் காமிச்சுட்டாக."

"முடிக்கு எங்க போனீக?"

"ஒன் சவுரியிலருந்து ஒரு கொத்து நறுக்கிக் குடுத்தேன்."

மீனா ஊசியைக் கீழே வைத்தாள். "என்னது?"

"ஏன் மொறைக்கிற? எங்காத்தா உதுந்த முடியவெல்லாம் சுருட்டிச் சுருட்டி வச்சுத்தான சவுரி கட்டும். நீயும் அப்படித்தான கட்டியிருப்ப? தாய் முடியும் பிள்ளை முடியும் ஒரே ரத்தந்தான?"

"ஒங்காத்தா கட்டுச்சு. நான் விளக்குத்தூண் கடைத்தெருவுல வாங்குனேன். அது நைலானுய்யா!"

 சிவபாண்டி ரிப்போர்ட்டை ஒரு தரம் புரட்டினான். நைலானுக்குத் துத்தநாகச் சத்தும் குறைவாகத்தான் இருந்தது.

மறுநாள் மீனா மிச்சச் சவுரியைப் பையில் போட்டுக்கொண்டு ஆரப்பாளையம் போனாள். பெஞ்சில் நாலைந்து பெற்றோர் உட்கார்ந்திருந்தார்கள்.

"அண்ணே, எம்பிள்ளைக்குப் பாத்துச் சொன்னீகளே, அதே முடி. இன்னொரு தரம் பாருங்க."

நல்லகாமன் வாங்கி விரலால் தடவிப் பார்த்தார். "நல்ல முடிதான் தங்கச்சி. ஆனா உயிரில்ல. சத்துக் குறைவு. பவுடர் ஆரம்பிச்சா பளபளன்னு வந்துரும்."

தையல்காரிக்கு நூலைச் சோதிக்கத் தெரியாதா? பருத்தியா, பட்டா, பாலியஸ்டரா என்று ஒரு தீக்குச்சி சொல்லிவிடும். மீனா ஒரு இழைக்கொத்தை இழுத்து நெருப்பு வைத்தாள். மயிர் பொசுங்கும் நாற்றமே இல்லை. இழை உருகிச் சுருண்டு, கறுப்பு மணியாகி, அவருடைய கண்ணாடி மேசையில் சொட்டி ஒட்டிக்கொண்டது.

"ஒங்க டோபமினு இந்தா உருகி ஓடுது. தொடைச்சு எடுத்து வச்சுக்கங்க, அடுத்த பிள்ளைக்கு ஆகும்."

"வாய அடக்கிப் பேசு! கம்ப்யூட்டர் தப்பு செய்யாது!"

"கம்ப்யூட்டரு செய்யாதுண்ணே. அது ஒங்கள நம்பி ஒக்காந்திருக்கு, பாவம்."

பெஞ்சிலிருந்து ஒரு அம்மா எழுந்து, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள். மற்றவர்கள் நகரவில்லை. டோக்கனை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, எப்போது கூப்பிடுவார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். மீனாவுக்கு நல்லகாமனைவிட அந்த டோக்கன்களைப் பார்த்தபோதுதான் அதிகக் கசப்பாக இருந்தது.

"ரிப்போர்ட்டு பொய்யின்னா, நம்ம பிள்ளைக்கு ஒண்ணுமில்லன்னுதான அர்த்தம்?" என்றான் சிவபாண்டி, அவள் வீடு திரும்பியதும்.

"அதுவும் நைலான் பேச்சுத்தான்" என்றாள் மீனா. ஒற்றைச் செருப்போடு பிள்ளை வந்து நின்றதை எந்தத் தீக்குச்சி பொய்யாக்கும்?

சனிக்கிழமை பெரியாஸ்பத்திரி. டாக்டர் சாருலதா முதலில் இசைவாணியோடு பேசினார். பிறகு மீனாவைக் கேள்வியால் துளைத்தார். தூக்கம் எப்படி, கண் எப்படி, காது எப்படி, எந்த வயதிலிருந்து, வீட்டிலும் இப்படியா, பிடித்த விளையாட்டிலுமா?

"ரத்தம் எடுக்கலியா டாக்டரம்மா? ஸ்கேனு?"

"மூளையில டோபமின்னு ஒரு ரசாயனம் இருக்கறது நெசம்தாம்மா. கவனத்துக்கும் அதுக்கும் தொடர்பு இருக்குன்னு ஆராய்ச்சியும் சொல்லுது. ஆனா ஒரு பிள்ளையோட முடியையோ ரத்தத்தையோ ஸ்கேனையோ வச்சு, கவனக்குறைபாடு இருக்கு, இல்லைன்னு சொல்ற டெஸ்ட் இன்னைக்கு வரைக்கும் கிடையாது. பாத்தும் கேட்டும்தான் சொல்லணும். எனக்குச் சந்தேகம் இருக்கு, ஆனா ஒரே நாள்ல முடிவு சொல்ல மாட்டேன். வகுப்புல அவள தெனம் பாக்குற டீச்சர் இதை நிரப்பித் தரணும்" என்று ஒரு ஃபாரத்தைக் கொடுத்தார். கறுப்பு வெள்ளை, ஒரு படம்கூட இல்லை.

திங்கட்கிழமை நாகலக்ஷ்மி சிரித்த முகத்தோடு இருந்தார். கலர் ரிப்போர்ட்டைப் பிரிண்ட் எடுத்து ஃபைலில் கோத்திருந்தார்.

"இனிமே பிரச்சனை இல்லை. மூணாங் கிளாஸ்லயே இருக்கட்டும். பவுடரை மட்டும் ஆரம்பிச்சிடுங்க."

சிவபாண்டி மேசைக்கடியில் மீனாவின் காலை மிதித்தான். வாயை மூடிக்கொண்டு எழுந்து வந்தால் போதும், பிள்ளைக்கு இடம் உறுதி.

"டீச்சர், அது பிள்ளை முடியில்ல. நைலான் சவுரி" என்றாள் மீனா.

நாகலக்ஷ்மியின் சிரிப்பு வடிந்தது. "அப்போ ரிப்போர்ட் இல்லைன்னு ஆகுது. ரெண்டாங் கிளாஸ்தான்."

மீனா ஃபாரத்தை அவர் முன் நகர்த்தினாள். "இதை நீங்கதான் நிரப்பணுமாம். தெனம் பாக்குறவுக."

நாகலக்ஷ்மி பேனாவைத் திறந்தார். பாடத்தின் நடுவே எழுந்து போகிறாளா, எத்தனை முறை? தொடங்கிய கணக்கை எந்த இடத்தில் விடுகிறாள்? பேச்சு கேட்டால் திரும்புகிறாளா, பெயர் சொன்னால் மட்டுமா? பேனா முதல் கேள்விக்கு மேலேயே நின்றது.

"எம்மக எந்தக் கையில எழுதுவா டீச்சர்?"

"வலது... எல்லாப் பிள்ளைங்களையும் மாதிரிதான்."

"இடது கை."

மீனா குரலை உயர்த்தவில்லை.

"ரெண்டு வாரம் பாத்துட்டு எழுதுங்க. பாக்கணும்னா அவ ஒங்க கிளாஸ்லதான இருக்கணும்?"

நாகலக்ஷ்மி அவளை முறைத்தார். ஃபாரத்தின் தலையில் இருந்த ஆஸ்பத்திரி முத்திரையைப் பார்த்தார். கணக்கு வகுப்புக்கு மணி அடித்தது. ஃபாரத்தை மடிக்காமல் வருகைப் பதிவேட்டின் மேல் வைத்து எடுத்துக்கொண்டு, மூன்றாம் வகுப்பை நோக்கி நடந்தார்.