கக்ராவின் விடுதலை

செவ்வாய்க்கிழமை கக்ரா வெட்டிய சட்டைக்கையைப் பார்த்தபோது எனக்கே கொஞ்சம் பொறாமையாக இருந்தது. அளவு நாடா இல்லை, சுண்ணக்கோடு இல்லை. வந்திருந்த பெண்ணின் தோளை ஒரு பார்வை பார்த்தாள், துணியை மடித்தாள், கத்தரித்தாள், அவ்வளவுதான்; உப்பிய கை கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது. புதன்கிழமை அதே கக்ரா கத்தரிக்கோலை நண்டைப் பிடிப்பதுபோலப் பிடித்துக்கொண்டு, "மேடம், எங்கேர்ந்து ஆரம்பிக்கட்டும்?" என்று கேட்டாள். ஆனால் அன்றைக்கு அவள் போட்ட ஓர மடிப்பு இருக்கிறதே, இயந்திரம் தோற்றுவிடும். டெச்சிமான் ஊர்ச் சந்தை ஓரத்தில் 'கர்த்தர் காலம் தாழ்த்தார் தையலகம்' என்று பலகை மாட்டிய நாளிலிருந்து எத்தனையோ பெண்களுக்குக் கை பழக்கி அனுப்பியிருக்கிறேன். கை வராத பெண்ணைப் பார்த்திருக்கிறேன், வந்த பெண்ணைப் பார்த்திருக்கிறேன். வந்த கை மறுநாள் போய், போன கை அதற்கு மறுநாள் திரும்பி வருகிற பெண்ணாக இவளைத்தான் பார்த்தேன்.

"நேத்து வெட்டினியே, இன்னிக்கு என்ன கேடு வந்துச்சு?"

"மறந்துபோச்சு மேடம்."

"ஃபுஃபு உருண்டை தின்ன மட்டும் மறக்கறதில்லையே!"

மற்ற பெண்கள் சிரிப்பார்கள். மறதிக் கக்ரா என்று அவளுக்குப் பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள். முதல் வருடம் முழுக்க இந்தக் கூத்துதான். அப்புறம் மெல்ல மெல்ல வித்தியாசம் குறைந்தது. மூன்றாம் வருடத்தில் வெட்டும் மடிப்பும் எல்லா நாளும் ஒன்றுபோல வர ஆரம்பித்ததும், எல்லாம் என் வாய்க்குப் பயந்து திருந்தியதுதான் என்று நானே எனக்குச் சபாஷ் போட்டுக்கொண்டேன்.

அவள் தலைமுடி விஷயத்திலாவது நான் விழித்துக்கொண்டிருக்க வேண்டும். என் கடைக்கு ஒட்டினாற்போல முடி பின்னுகிற கடை. அவர்கள் துணி கிழிந்தால் நாங்கள் தைத்துக்கொடுப்போம், எங்கள் பெண்களுக்கு அவர்கள் பின்னிவிடுவார்கள். தொழிலுக்கு வந்த பெண் முதல் காரியமாகச் செய்வது, பள்ளிக்கூடச் சட்டத்துக்காக ஒட்ட வெட்டிய தலையை வளர்த்து விதவிதமாகப் பின்னிக்கொள்வதுதான். கக்ரா மட்டும் மூன்று வருடமும் ஒட்ட வெட்டிய தலையோடு வந்தாள்.

"ஏண்டி, இன்னும் ஹெட்மாஸ்டர் வந்து தலையத் தடவிப் பாப்பாருன்னு பயமா?" என்று கேட்டேன்.

"வேர்க்குது மேடம்" என்றாள். மூளைக்குப் பதிலாக எனக்குள் அப்போது என்ன இருந்ததோ, நம்பிவிட்டேன்.

அவளுக்கு ஓர் இரட்டை உண்டு என்பது எனக்குத் தெரியாமலில்லை. எங்கள் பக்கம் இரட்டைப் பிள்ளைகளில் முந்தி வந்தவள் பன்யின், பிந்தி வந்தவள் கக்ரா. பெயர் தேடும் தொல்லை பெற்றவர்களுக்கு இல்லை. அவர்கள் அப்பன் ஓஃபோசு சந்தையில் சேனைக்கிழங்கு மூட்டை இறக்குகிறவன். மனைவி இறந்தபின் இரண்டையும் தனியாளாக வளர்த்தான். கக்ராவை என்னிடம் கொண்டுவந்து விட்ட அன்று, "ஒருத்தியாவது சீக்கிரம் கையில தொழிலோட நிக்கணும் மேடம். பன்யின் முதல்ல வந்தவ, அவ பள்ளிக்கூடம் போவட்டும். இவ உங்ககிட்ட இருக்கட்டும்" என்றான். வயிற்றிலிருந்து முந்தி வந்தவளுக்குப் புத்தகம், பிந்தியவளுக்கு ஊசி. அவன் சொன்னதில் எனக்கு அன்று எந்தத் தப்பும் தெரியவில்லை. எல்லா வீட்டிலும் ஏதோ ஒரு கணக்குப் போட்டுத்தானே பிரிக்கிறார்கள்.

இந்த வருடம் கக்ராவின் விடுதலை நாள் குறித்தாயிற்று. விடுதலை என்றால் சும்மா இல்லை. தொழில் கற்றவள் வெள்ளை உடுத்தி வந்து, தையல் சங்கத்துப் பெண்கள் முன்னால் முழங்காலிட வேண்டும். கற்றுக்கொடுத்தவள் அவள் பெயர் சொல்லி ஆசீர்வதித்துத் தலையில் பவுடர் கொட்ட வேண்டும். அது இல்லாமல் கடை போட்டால் சங்கம் பலகையைக் கழற்றிவிடும். பெயர் மாறி ஆசீர்வதித்தால் கை ஓடாது என்பார்கள். இதையெல்லாம் நம்புகிறாயா என்று பாஸ்டர் ஒருமுறை கேட்டார். நம்பவில்லை என்று சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை.

அதற்கு ஒரு வாரம் முன்புதான் எல்லாம் தலைகீழானது. பன்யின் படிக்கிற பள்ளியில் பாட்டுக்குழுவுக்கு அங்கி தைக்கச் சொல்லியிருந்தார்கள். அளவெடுக்கப் போனேன். கடைசி வகுப்பைத் தாண்டும்போது, எழுந்து நின்று கணக்கு வாத்தியாருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள் ஒரு பெண். முகம் கக்ராவின் முகம். சரி, இரட்டைதானே என்று நகரப் போனேன். அவள் கரும்பலகையைக் காட்டக் கையை நீட்டினாள். மணிக்கட்டில் தீக்காயம். முந்தின நாள் என் கடையில் கரி இஸ்திரிப் பெட்டியின் மூடி நழுவிச் சுட்ட காயம். கத்தின கத்தலும் கேட்டேன், நானே ஷியா வெண்ணெய் தடவியும் விட்டேன். அந்த வெண்ணெய் இன்னும் மினுங்கிக்கொண்டிருந்தது.

"சரியான விடை. உக்காரு பன்யின்" என்றார் வாத்தியார்.

அவள் உட்காரும்போது என்னைப் பார்த்துவிட்டாள். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஆனால் வந்தது பெருமை. என் பெண் சரியான விடை சொல்லிவிட்டாள் என்று நெஞ்சு ஒரு நிமிடம் நிமிர்ந்தது. அப்புறம்தான், இவள் இங்கே இருந்தால் கடையில் இருப்பது யார் என்று தோன்றியது.

அங்கியாவது ஒன்றாவது என்று திரும்பி வந்தேன். மற்ற பெண்கள் மதியச் சாப்பாட்டுக்குக் கென்கே வாங்கப் போயிருந்தார்கள். மூலை இயந்திரத்தில் கக்ரா காலர் தைத்துக்கொண்டிருந்தாள். மணிக்கட்டு சுத்தமாக இருந்தது.

"உம் பேரென்னடி?"

சக்கரம் நின்றது. "கக்ரா, மேடம்."

"நேத்து வந்தது யாரு?"

என் கண் போன இடத்தை அவளும் பார்த்தாள். "நேத்து பன்யின்."

"எத்தனை நாளா இந்தக் களவாணித்தனம்?"

"ஆரம்பத்துலேர்ந்து. ஒருநாள் விட்டு ஒருநாள் மேடம்."

"அப்பனுக்குத் தெரியுமா?"

"அவருக்கு யாரு யாருன்னே தெரியாது. கூப்பிட்டா ரெண்டு பேரும் போய் நிப்போம்."

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். அவள் ஊசியில் மாட்டியிருந்த துணியை நீவிவிட்டாள்.

"முதல் நாள் பன்யின் பள்ளிக்கூடத்துலேர்ந்து வந்து என்ன படிச்சேன்னு சொன்னா மேடம். எனக்குப் புரியல. நான் இங்க என்ன செஞ்சேன்னு சொன்னேன். அவளுக்குப் புரியல. அதுக்கு முந்தி எங்களுக்குள்ள அப்படி ஆனதே இல்ல. பயமாயிருச்சு."

அடிக்கக் கை எழவே இல்லை. போய் என் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கக்ராவுக்கு விடுதலை. மறுநாள் பன்யினுக்கு அரசுத் தேர்வு. அதில் தேறுகிறவள் மேல்பள்ளிக்குப் போய் விடுதியில் தங்க வேண்டும். இனி ஒருநாள் விட்டு ஒருநாள் என்பது நடக்காது. ஞாயிற்றுக்கிழமை முழங்காலிடுகிறவள் யாராக இருந்தாலும் அவள்தான் காலத்துக்கும் கக்ரா, தையல்காரி. மற்றவள் பன்யின், படித்தவள்.

"யாரு படிக்கப் போறது?" என்று கேட்டேன்.

"பன்யின் போவட்டும் மேடம்" என்றாள். மறுநாள் வந்தவளிடம், அந்தக் காயக்காரியிடம், அதையே கேட்டேன். "கக்ரா போவட்டும் மேடம்" என்றாள். பாசத்தில் விட்டுக்கொடுக்கிறார்களா, பள்ளிக்கூடத்தைப் பார்த்துப் பயந்து ஒருத்தி தலையில் ஒருத்தி கட்டப் பார்க்கிறார்களா, எனக்கு விளங்கவில்லை. கடைதான் பரிசு என்று இரண்டு பேரும் நினைக்கிறார்களோ என்றும் ஒரு சந்தேகம்.

எது பரிசு என்று என்னைக் கேட்டால் நான் என்ன சொல்லுவேன்? எதிர்வரிசையில் பல்கலைக்கழகம் முடித்த பையன் குடைக்குக் கீழே உட்கார்ந்து போன் கார்டு விற்கிறான். பட்டமளிப்புக்குப் போட்ட கோட்டு என்னிடம்தான் தைத்தான். அதைப் போட்டுக்கொண்டு வேலை கேட்டுப் போய்ப் போய், முழங்கை தேய்ந்து, திரும்ப என்னிடம்தான் ஒட்டுப்போட வந்தான். நான் எழுத்து அறியாதவள். எனக்குச் சொந்தமாகக் கூரை இருக்கிறது. அப்படியானால் ஊசிதான் ஜெயித்தது என்று சொல்லிவிடலாம். ஆனால் போன மாதம் வங்கி அதிகாரி அம்மாள் ஒருத்தி கவுன் தைக்க வந்தாள், என் மகள் வயதுதான் இருக்கும். அவள் உட்காருவதற்கு முன் நாற்காலியை என் இடுப்புத்துணியால் துடைத்தேன். இத்தனை வருடத்தில் எந்தத் தையல்காரிக்கும் நான் நாற்காலி துடைத்ததில்லை. அந்தக் கை தானாகப் போயிற்று. அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

இருவரையும் சேர்த்து வைத்துப் பேசிவிடுவது என்று வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் வரச் சொன்னேன். வந்து சுவரோரம் நின்றார்கள். ஒருத்தி சீருடையில், ஒருத்தி பூப்போட்ட கவுனில்.

"கைய நீட்டுங்கடி" என்றேன். காயம் இருப்பவள் பன்யின். அதிலிருந்து பேச்சைத் தொடங்கலாம் என்று நினைத்தேன்.

இரண்டு மணிக்கட்டிலும் காயம். அதே இடம், அதே பிறை. ஒன்றில் இன்னும் கொப்புளம் உடைந்திருக்கவில்லை.

கொப்புளம் இருந்த கையைப் பிடித்து இழுத்தேன். "அடிப் பாவி! வேணும்னே சுட்டுக்கிட்டியா?"

"உங்களுக்கு அடையாளம் தெரிஞ்சுபோச்சுன்னா நீங்களே பிரிச்சிடுவீங்க மேடம்" என்றாள் கொப்புளக்காரி. மற்றவள் அழுதுகொண்டிருந்தாள். சுட்டுக்கொண்டவள் அழவில்லை.

வெண்ணெய் டப்பாவைத் தேடி எடுத்துத் தடவிவிட்டேன். வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே தடவினேன். கடைசியில், "இங்க பாருங்கடி. யாரு வரணும்னு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க. ஆனா முழங்கால் போட்டவ காதுல நான் கேப்பேன். உண்மையான பேரச் சொல்லணும். பொய்ப் பேருக்கு நான் ஆசீர்வாதம் சொல்ல மாட்டேன்" என்றேன். இரண்டு தலையும் ஒன்றாக ஆடின.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கடைக்கு முன்னால் பந்தல் நிறைந்துவிட்டது. சங்கத்துப் பெண்கள் ஒரே துணியில் தைத்த, கபா என்கிற விழாச் சட்டை போட்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஓஃபோசு குளிர்பானப் பெட்டியும் இரண்டு கோழியுமாக வந்து, மூட்டை தூக்கிப் பழகிய கழுத்தைப் புதுச்சட்டைக் காலருக்குள் திருப்ப முடியாமல் நின்றான். தனக்குப் படிக்கிற மகளும் உண்டு என்று ஊர் பார்க்கட்டும் என்பதற்காக அவளைச் சீருடையிலேயே கூட்டி வந்திருந்தான். மற்றவள் காயம் தெரியாதபடி மணிக்கட்டுவரை மூடிய வெள்ளைச் சட்டையில் வந்து என் முன்னால் முழங்காலிட்டாள். கழுத்தில் கத்தரிக்கோலை மாட்டினேன். பெண்கள் வெள்ளைக் கைக்குட்டையை வீசிக் குலவையிட்டார்கள்.

பவுடர் டப்பாவைத் திறந்துகொண்டு அவள் காதருகே குனிந்தேன்.

"சொல்லு. யாரு நீ?"

"நீங்களே சொல்லுங்க மேடம். நீங்க எந்தப் பேரச் சொல்றீங்களோ அதுதான் எம்பேரு."

"முடிவு பண்ணலையா?"

"பண்ணினோம். திரும்பத் திரும்ப மாத்திட்டோம்." அவள் தலையைத் தாழ்த்திக்கொண்டாள். "நாங்க முடிவு பண்ணினா ஒருத்தி எடுத்துக்கிட்டவ ஆயிடுவா மேடம். மத்தவ கொடுத்தவ ஆயிடுவா. அப்புறம் எப்படி ஒண்ணா சாப்பிடுறது?"

நான் நிமிர்ந்தேன். எழுத்து அறியாத என் கையில் இதைக் கொண்டுவந்து வைத்துவிட்டார்களே என்று ஆத்திரமாக வந்தது. பந்தலில் எல்லாருக்கும் இவள் கக்ரா. கக்ரா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாரும் சாப்பிடப் போய்விடுவார்கள். ஆனால் அந்த வார்த்தை இந்தப் பெண்ணுக்கு எதைத் திறக்கும், எதைச் சாத்தும் என்று எனக்குத் தெரியவில்லை. இவள் எந்தப் பெண் என்பதே தெரியவில்லை. கணக்குக்கு விடை சொன்னபோது நெஞ்சு நிமிர்ந்தேனே, அது எவளுக்காக?

"என்ன டச்சிவா, பேரு மறந்துபோச்சா?" சங்கத் தலைவி அம்போமா முன்வரிசையிலிருந்து என்னைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "கக்ராவோட மறதி உனக்கும் ஒட்டிக்கிச்சா? சொல்லும்மா, சோறு ஆறுது!"

எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்புக்கு நடுவில் நான் ஓஃபோசு நின்ற பக்கம் பார்த்தேன். அவன் பக்கத்தில் சீருடையில் நின்றவள் சிரிக்கவில்லை. கண்ணை இறுக மூடி, ஒட்ட வெட்டிய தலையை நன்றாகக் குனிந்து, இரண்டு கையையும் நெஞ்சோடு சேர்த்து, தன் தலையில் ஏதோ விழப்போகிறது என்பதுபோலக் காத்திருந்தாள். என் காலடியில் இருந்தவளும் அப்படியேதான் காத்திருந்தாள். டப்பா என் கையில் சாய்ந்திருந்தது எனக்கே தெரியவில்லை. பவுடர் எனக்கும் அவளுக்கும் நடுவே செம்மண் தரையில் கொட்டிக்கொண்டிருந்தது.